தோட்பட்டையின் துணை

பரண்மீதுள்ள பெட்டியை எடுக்கக் கையை உயர்த்துகிறோம். கை மட்டுமே உயர்வதாக எண்ணுகிறோம். ஆனால், முதுகின் மேற்புறத்தில் முக்கோண வடிவில் அமைந்த தோட்பட்டை எலும்பும் விலாக்கூட்டின்மீது வழுக்கிச் சுழல்கிறது.

கை முழுமையாக உயரும் 180 பாகையில் தோள்மூட்டின் பங்கு ஏறக்குறைய 120. தோட்பட்டையின் பங்கு 60. இன்மன் முதலிய ஆய்வாளர்கள் 1944-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதனை விளக்கினர். இவ்விகிதம் ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும்.

தோட்பட்டையை விலாக்கூட்டோடு அணைத்துச் சுழற்றுவன தசைகளே. விலாப்புறத் தசைக்குரிய நரம்பு பழுதுற்றால், எலும்பு சிறகுபோற் புடைத்து நிற்கும். கையைத் தலைக்குமேல் உயர்த்துதல் அரிதாகும். ஆதலின், கை எழாதபோது தோள்மூட்டை மட்டும் ஆராய்தல் போதாது. முதுகையும் நோக்குதல் வேண்டும்.