ஊசி முனையில் ஒரு யுத்தம்

இங்கிலாந்தின் தென்கரையிலே போர்ட்ஸ்மவுத் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கே 1984-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் ஒரு கூடத்தில், சுவர் நெடுகிலும் நம் கண்முன் விரிவது வாளுமன்று, துப்பாக்கியுமன்று, துணி! 34 பகுதிகளாய், 83 மீட்டர் நீளத்திற்கு அமைந்த பூத்தையல். 1944 ஜூன் 6-ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய வரலாற்றை அது கூறுகிறது.

டல்வர்ட்டன் பிரபு 1968-ல் இப்பணியைத் தொடங்கிவைத்தார். சாண்ட்ரா லாரன்ஸ் அம்மையார் வரைந்து கொடுக்க, அரச தையற்கலைப் பள்ளியினர் பல்லாண்டு உழைத்துத் தைத்தனர். வீரர்களின் உடைக்கு உண்மையான சீருடைத் துணியையே வெட்டி வைத்துத் தைத்திருக்கின்றனர். ஊசி பிடிக்கும் நம் தாய்மார் அதன் அருமையை உடனே உணர்வர்.

இதற்கு முன்மாதிரி, 1066-ல் நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்ற கதையைச் சொல்லும் பாயூத் துணியாகும். அதைச் செய்வித்தவர் பாயூ நகர் ஆயர் ஓடோ என்பர் அறிஞர். மேய்ப்பனின் கோலுக்குப் பதிலாகத் தடியொன்றை ஏந்தி, குதிரைமேல் அவர் அதில் காட்சி தருகிறார். குருக்களாகிய நமக்கு அது பெருமை தரும் காட்சியன்று!

கூடத்துத் துணியில் அரசரும் சர்ச்சிலும் ஐசனோவரும் இருக்கின்றனர். ஆயினும் அக்கரையின் எளிய மக்கள் பட்ட பாட்டையும் நாம் அறிதல் வேண்டும். 1944 ஏப்ரல் முதல் கரையோரம் பத்து மைல் அகலத்திற்கு வெளியார் வரலாகாது எனத் தடை விதிக்கப்பட்டது. போர்ட்ஸ்மவுத்துக்கு அருகே சவுத்விக் மாளிகையில் தளபதிகளுக்காகப் பெரிய மர வரைபடம் ஒன்றைப் பொம்மைக் கம்பெனியார் செய்து கொடுத்தனர். அதைச் சுவரில் பொருத்த வந்த இரு தொழிலாளரை, இரகசியம் வெளிப்படாதிருக்க, படையிறக்கம் நிகழும்வரை வீட்டுக்கு விடவில்லையாம். அவர்தம் மனைவிமார் என்ன நினைத்திருப்பரோ!

மேற்கே, அதே தென்கரையில், டெவன் பகுதியிலுள்ள ஸ்லாப்டன் கடற்கரை நார்மண்டியை ஒத்திருந்தது. ஒத்திகைக்கு இடம்விட, 1943-ஆம் ஆண்டின் இறுதியில் சுற்றுக் கிராமத்தார் ஏறத்தாழ 3,000 பேர் வீட்டையும் வயலையும் கோவிலையும் விட்டு வெளியேறினர். 1944 ஏப்ரல் 28-ஆம் நாள் இரவிருளில், ஒத்திகைக்குச் சென்ற கப்பல்களை ஜெர்மன் விரைவுப் படகுகள் தாக்கின. அமெரிக்கர் எழுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பகைவர் அறியலாகாதென்று அச்செய்தி அப்போது மறைக்கப்பட்டது. பிள்ளையை இழந்த தாய்க்கு, அவன் எங்கே, எவ்வாறு இறந்தான் என்ற உண்மையைக்கூடச் சொல்லாதிருந்தது போரின் தேவை எனலாம். நம் மனம் அதை ஏற்க மறுக்கிறது.

படை இறங்கும் கரையில் துறைமுகமில்லை. ஆகவே மாபெரும் கான்கிரீட் பெட்டிகளைக் கட்டி, கடலில் இழுத்துச் சென்று, துறைமுகமே அமைத்தனர். கட்டும்போது விரிசல்விட்ட பெட்டியொன்று போர்ட்ஸ்மவுத்துக்குக் கிழக்கே லாங்ஸ்டன் துறையில் இரண்டாகப் பிளந்து இன்றும் கிடக்கிறது.