ஊர் சுருங்கலாம், பனித்தளம் சுருங்காது

சின்ன ஊர், பெரிய ஆட்டம் – 7

போன வாரம் கிரீன்பே ஊரைப் பார்த்தோம். லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் அந்த ஊர், அமெரிக்கக் கால்பந்தின் உச்ச லீக்கில் நூறாண்டுக்கும் மேலாக ஓர் அணியை வைத்திருக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள் அந்த அணிக்குச் சொந்தக்காரர்கள் என்பது ஒரு காரணம். தேசியத் தொலைக்காட்சி உரிமைப் பணத்தை அந்த லீக்கின் எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன என்பது அதைவிடப் பெரிய காரணம். நியூயார்க்குக்கு என்ன பங்கோ, அதே பங்குதான் கிரீன்பேவுக்கும்.

அப்படிப்பட்ட தொலைக்காட்சிப் பணம் இல்லாத ஒரு லீக்கில், ஆண்டுக்கு ஆண்டு ஆள் குறைந்துகொண்டே போகும் ஓர் ஊரில், ஓர் அணி எப்படிப் பிழைக்கும்? இந்தக் கேள்விக்குப் பென்சில்வேனியா மாநிலத்து ஜான்ஸ்டவுன் அளவுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் ஊர் வேறில்லை. அது ஐஸ் ஹாக்கி ஊர். அணிகளைத் திரும்பத் திரும்ப இழந்த ஊர். ஹாக்கியை மட்டும் இழக்காத ஊர்.

எஃகும் வெள்ளமும்

மலைகளுக்கு நடுவே, இரண்டு ஆறுகள் கூடும் பள்ளத்தில் இருக்கிறது ஜான்ஸ்டவுன். 1852-ல் தொடங்கிய கேம்ப்ரியா இரும்பு நிறுவனம் அதை நாடறிந்த எஃகு ஊராக்கியது. 1889 மே 31 அன்று மேலே இருந்த சவுத் ஃபோர்க் அணை உடைந்து 2,209 பேர் மாண்டனர். அதன் பிறகும் ஊர் எழுந்து நின்றது. 1923-ல் ஆலைகள் பெத்லகேம் ஸ்டீல் கைக்குப் போயின. 1950-ல் ஊரின் மக்கள்தொகை 63,232.

அதே 1950-ல்தான் போரில் இறந்த உள்ளூர்க்காரர்களின் நினைவாகக் கட்டப்பட்ட ‘வார் மெமோரியல்’ அரங்கம் திறக்கப்பட்டது. சுமார் 4,000 பேர் உட்காரலாம். ஜான்ஸ்டவுன் ஜெட்ஸ் அணி அங்கே இறங்கி, 1977 வரை ஆடியது. ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் சாயங்காலம் குடும்பத்தோடு போய் உட்காரும் இடமாக அந்த அரங்கம் இருந்தது.

1974-75 சீசனில் ஜெட்ஸ் அணி கோப்பை வென்றது. அந்த அணியில் நெட் டவுட் என்ற ஆட்டக்காரர் இருந்தார். அவருடைய சகோதரி நான்சி டவுட், பேருந்திலேயே வாழ்நாளைக் கழிக்கும் அந்த ஆட்டக்காரர்களைப் பார்த்து ஒரு திரைக்கதை எழுதினார். பால் நியூமன் நடிக்க, ஜார்ஜ் ராய் ஹில் இயக்கத்தில் 1977-ல் ‘ஸ்லாப் ஷாட்’ என்ற படமாக அது வெளிவந்தது. பெரும்பகுதி ஜான்ஸ்டவுனிலேயே எடுத்தார்கள். படத்தில் ஊரின் ஆலை மூடப்படுகிறது. கூடவே அணியும் கலைக்கப்படும் நிலை வருகிறது. சில மாதங்களில் அது பாதி உண்மையாகிவிட்டது. 1977 ஜூலையில் மறுபடி பெருவெள்ளம், எண்பதுக்கும் மேற்பட்டோர் பலி. ஜெட்ஸ் ஆடிவந்த லீக்கும் அந்த ஆண்டே கலைந்தது. ஜெட்ஸ் முடிந்தது. மீதிப் பாதியை ஆலைகள் நிறைவேற்றின: 1983-ன் தொடக்கத்தில் வேலையில்லாதோர் விகிதத்தில் நாட்டிலேயே முன்னால் நின்ற வட்டாரம் ஜான்ஸ்டவுன், 1992-ல் பெத்லகேம் ஸ்டீல் அங்கே கடையைக் கட்டியது.

மூன்றாம் படிக்கட்டு

அந்த 1983-க்கும் 1992-க்கும் நடுவில், 1988 ஜனவரியில், ஜான்ஸ்டவுன் சீஃப்ஸ் பிறந்தது. படத்தில் வரும் கற்பனை அணியின் பெயரையே நிஜ அணிக்குச் சூட்டினார்கள். படத்தில் நடித்த முன்னாள் ஜெட்ஸ் வீரர் ஸ்டீவ் கார்ல்சனே அதன் தொடக்கக் காலப் பயிற்சியாளர்களில் ஒருவர். அந்த ஆண்டின் இறுதியில் ஐந்து ஊர்கள் சேர்ந்து ‘ஈஸ்ட் கோஸ்ட் ஹாக்கி லீக்’ தொடங்கியபோது, சீஃப்ஸ் அந்த ஐவரில் ஒன்று. முதல் சீசனிலேயே இறுதிச் சுற்றுக்கு வந்து, ஏழாவது ஆட்டம் வரை போராடி, கரோலைனா தண்டர்பேர்ட்ஸிடம் தோற்றது.

வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கியில் உச்சியில் இருப்பது என்.ஹெச்.எல். அதற்கு அடுத்த படி அமெரிக்கன் ஹாக்கி லீக். மூன்றாவது படி இந்த ஈஸ்ட் கோஸ்ட் லீக். இந்தப் படியில் ஆடுபவர்கள் வாரச் சம்பளக்காரர்கள். தங்குமிடத்தை அணியே கொடுக்கும். நன்றாக ஆடினால் மேல் லீக்கிலிருந்து அழைப்பு வரும், மறுநாளே கிளம்பிவிடுவார்கள். ரசிகர் ஒருவர் தன் பிள்ளைக்கு ஓர் ஆட்டக்காரரின் பெயர் போட்ட சட்டையை வாங்கிக்கொடுத்தால், அடுத்த வாரம் அந்த ஆட்டக்காரர் ஊரிலேயே இல்லாமல் போகலாம். பெரிய லீக் அணி தன் நட்சத்திரத்தைக் காட்டி டிக்கெட் விற்கிறது. இந்தப் படியில் இருக்கும் அணி தன் ஊர்ப் பெயரைக் காட்டித்தான் விற்க முடியும்.

வருமானம் எங்கிருந்து? டிக்கெட், தளத்தைச் சுற்றியிருக்கும் பலகை விளம்பரம், சட்டை, தொப்பி விற்பனை, பீரிலும் தின்பண்டத்திலும் வரும் பங்கு. அந்தக் கடைசிப் பங்கு அணிக்கா, அரங்கத்துக்கா என்பதில்தான் பல ஊர்களின் குத்தகைப் பேச்சுவார்த்தைகள் முட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளியும் சனியும் கூட்டம் வரும். செவ்வாய், புதன் இரவுகளுக்கு ஆள் பிடிக்க வேண்டும்: பள்ளிக்கூடக் குழுக்கள், தேவாலயக் குழுக்கள், தீயணைப்பு வீரர்களுக்குச் சலுகை இரவு. பல ஊர்களில் ஆண்டுக்கு ஒருநாள், சொந்த அணி முதல் கோல் போட்டதும் ரசிகர்கள் கையில் கொண்டுவந்த கரடி பொம்மைகளைப் பனித்தளத்தில் வீசுவார்கள். ஆட்டத்தை நிறுத்தி அவற்றை அள்ளிக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் அனுப்புவார்கள். சின்ன லீக்கின் நெஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்த இரவைத்தான் நான் காட்டுவேன்.

பனியின் கணக்கு

செலவு நெஞ்சைக் கேட்டு வருவதில்லை. பனித்தளத்தையே எடுத்துக்கொள்வோம். நீளம் 200 அடி, அகலம் 85 அடி. கனம் ஓர் அங்குலம், அல்லது அதைவிடச் சற்று அதிகம். அதன் அடியில் கான்கிரீட். கான்கிரீட்டுக்குள் வரிசை வரிசையாகக் குழாய்கள். குழாய்களில் உறைநிலைக்குக் கீழே குளிர்விக்கப்பட்ட உப்புநீர் ஓடுகிறது. கான்கிரீட்டின் மேல் தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளிப்பார்கள். உறைந்ததும் இன்னொரு படலம். நடுவில் வெள்ளைப் பூச்சு, கோடுகள், விளம்பரதாரரின் சின்னம். அவற்றை மூடி மறுபடி படலம் மேல் படலம். ஒரேயடியாகத் தண்ணீரை ஊற்றி உறையவைத்தால் தளம் சமமாக வராது.

ஆட்டம் இருபது நிமிடங்கள் வீதம் மூன்று பகுதி. ஒவ்வொரு இடைவேளையிலும் ‘ஸாம்போனி’ வண்டி இறங்கும். 1949-ல் கலிஃபோர்னியாவின் பாரமவுண்ட் ஊரில் ஃப்ராங்க் ஸாம்போனி உருவாக்கிய இயந்திரம் அது. ஸ்கேட் கத்திகள் கீறிய மேற்பரப்பைச் சீவி எடுத்து, கழுவி, பின்னால் வெந்நீரைப் பரப்பிக்கொண்டே போகும். வெந்நீர் கீறல்களின் விளிம்பை இளக்கி, பழைய பனியோடு ஒட்டி உறைந்து, வழவழப்பான தளத்தைத் தரும்.

இதற்குப் பின்னால் பெரிய கம்ப்ரஸர்கள் சீசன் முழுக்க இரவு பகலாக ஓட வேண்டும். நாலாயிரம் பேர் வந்தாலும் நானூறு பேர் வந்தாலும் மின்கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். கருவிகள் பழசாகும்போது சிக்கல் கூடும். பல பழைய தளங்கள் நம்பியிருந்த ஆர்-22 குளிர்வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது; 2020 முதல் அமெரிக்காவில் அதன் உற்பத்தியும் இறக்குமதியும் நின்றுபோயின. அந்த வாயுவோடு ஓடிய அரங்கங்களுக்கு மொத்த இயந்திரத்தையும் மாற்றுகிற செலவு வந்து சேர்ந்தது.

பனியோடு முடிந்ததா? ஆட்டக்காரர்கள் சட்டப்படி தொழிலாளர்கள். பல்லும் தோளும் முழங்காலும் உடைகிற ஆட்டத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுக்குக் கட்டும் தொகை சின்ன அணியின் பெரிய செலவுகளில் ஒன்று. அடுத்தது பேருந்து. ஐந்து ஊர்களோடு தொடங்கிய லீக் தெற்கே பரந்தது. 2003-ல் மேற்குக் கரை லீக்கையும் இணைத்துக்கொண்டது. லீக் பெருத்தது, சாலை நீண்டது, டீசலும் ஓட்டல் அறைகளும் கூடின. இவற்றில் எதுவும் ஊரின் மக்கள்தொகையைப் பார்த்துக் குறையாது.

இனி எதிர்ப்பக்கம். லீக்கில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 72 ஆட்டங்கள், அதில் பாதி சொந்த ஊரில். 36 இரவுகள், இரவுக்கு 4,000 இருக்கைகள். மொத்தம் 1,44,000. 2010 கணக்கெடுப்பில் ஜான்ஸ்டவுனில் வசித்தவர்கள் 20,978 பேர். அரங்கம் எல்லா இரவும் நிரம்ப வேண்டுமானால் கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஒவ்வொருவரும் ஏழு முறை வர வேண்டும். சுற்றுவட்டார மக்களையும் சேர்த்தால்? கேம்ப்ரியா கவுன்டி முழுவதிலும் அப்போது இருந்தவர்கள் 1,43,679 பேர். கவுன்டியில் இருக்கும் அத்தனை பேரும் ஆளுக்கொரு முறை வந்தால்கூட முந்நூற்றுச் சொச்சம் இருக்கைகள் காலியாகத்தான் இருக்கும். 1950-ல் அதே கவுன்டியில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள், அவர்களில் பலர் கையில் ஆலைச் சம்பளமும் இருந்தது.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, ‘ஊர்க்காரர்களுக்கு அணிமேல் அக்கறை போய்விட்டது’ என்று எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்தவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வருவதற்கு ஆள்தான் குறைந்தார்கள்.

போன அணியும் நின்ற அரங்கமும்

தொடக்க ஐந்து அணிகளில் மற்ற நான்கும் ஒவ்வொன்றாக ஊரோ பெயரோ மாறின. சீஃப்ஸ் மட்டும் அதே ஊரில், அதே பெயரில், 22 சீசன் நின்றது. கோப்பை ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. கடைசியில், பார்வையாளர் குறைந்து நஷ்டம் தொடர்ந்ததும், உரிமையாளர் தரப்பு 2010-ல் அணியைத் தென் கரோலைனாவின் கிரீன்வில்லுக்குக் கொண்டுபோனது. அங்கே பி.எம்.டபிள்யூ. ஆலை பக்கத்தில், மிஷலின் டயர் நிறுவனத்தின் வட அமெரிக்கத் தலைமையகம் ஊருக்குள், 1998-ல் கட்டிய பெரிய அரங்கம் தயார். அப்போது சீஃப்ஸை நடத்தியவர்களில் முக்கியமானவர் நீல் ஸ்மித். நியூயார்க் ரேஞ்சர்ஸ் 1994-ல் என்.ஹெச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அதன் பொது மேலாளர். ஹாக்கியின் உச்சியைத் தொட்ட அனுபவமும் இந்தக் கணக்கை நேராக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்வதில் பயன் இல்லை. தனியார் கையில் இருக்கும் அணிக்கு நஷ்டம் வந்தால் போக வழி இருக்கிறது. ஊருக்குப் போக வழி இல்லை.

ஆனால் அரங்கம் பொதுச்சொத்து. அதைப் பெயர்த்து எடுத்துப் போக யாராலும் முடியாது. ஜான்ஸ்டவுனைக் காப்பாற்றியது அதுதான். சீஃப்ஸ் போன பிறகு, மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் அணி தன் சொந்த ஆட்டங்களில் சிலவற்றை இங்கே வந்து ஆடியது. 2012-ல் அலாஸ்காவிலிருந்து ஒரு ஜூனியர் அணி இடம்பெயர்ந்து வந்து ‘ஜான்ஸ்டவுன் டோமஹாக்ஸ்’ ஆனது.

ஜூனியர் லீக்கில் ஆடுபவர்கள் 16 முதல் 20 வயதுப் பையன்கள். கல்லூரி அணிகளில் இடம் பிடிக்கக் காத்திருப்பவர்கள். சம்பளம் கிடையாது, ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்குகிறார்கள். தாங்கள் தங்கவைத்த பையன் ஆடும்போது அந்த வீடே அரங்கத்துக்கு வருகிறது. செலவில் கணிசமான பகுதி ஊர் தாங்கும் அளவுக்கு இறங்கிவிட்டது. இதில் ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது: குறைந்த செலவின் ஒரு பகுதி, கூலி வாங்காத இளைஞர்களின் உழைப்பிலும் அவர்களுடைய பெற்றோரின் பையிலும் ஏற்றப்பட்டிருக்கிறது. இந்த வழியைப் பின்பற்றும் ஊர், அந்தப் பையன்களின் படிப்புக்கும் உடல்நலத்துக்கும் தானே பொறுப்பு என்பதை உணர வேண்டும்.

2015-ல் ‘கிராஃப்ட் ஹாக்கிவில்’ என்ற போட்டி அமெரிக்காவில் முதல் முறையாக நடந்தது. எந்த ஊர் ஹாக்கி ஊர் என்று மக்களே வாக்களிக்க வேண்டும். வென்றது ஜான்ஸ்டவுன். அரங்கத்தைச் சீரமைக்க 1,50,000 டாலர் பரிசு. அந்தச் செப்டம்பரில் என்.ஹெச்.எல். அணிகளான பிட்ஸ்பர்க் பெங்குயின்ஸும் டாம்பா பே லைட்னிங்கும் அந்தப் பழைய அரங்கத்துக்கே வந்து ஆடின.

எதைப் பிடித்துக்கொள்வது?

வீலிங் இன்னொரு வழியைக் காட்டுகிறது. 1989-ல் சீஃப்ஸை வென்ற அந்த கரோலைனா அணிதான் 1992-ல் வீலிங்குக்கு வந்து, இன்று வீலிங் நெய்லர்ஸ் என்ற பெயரில் ஆடுகிறது. வீலிங்கின் மக்கள்தொகை 27,000 சொச்சம்தான். உரிமையாளர்கள் விலக நினைத்தபோது, 2012-ல் ஊரின் சிறுவர் ஹாக்கிச் சங்கமே அணியைக் கையில் எடுத்தது. பின்னர் வட்டார வளர்ச்சிக்கான அமைப்பு ஒன்றின் துணை கிடைத்தது. லாபம் வராவிட்டால் கிளம்பிவிடலாம் என்ற எண்ணமே இல்லாதவர்கள் கைக்கு அணி போனது. அதனால் அது மூன்றாம் படியிலேயே நிற்கிறது.

இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. சின்ன ஊர் முதலில் காக்க வேண்டியது அணியை அல்ல, தளத்தை. தளம் பொதுக் கையில் இருந்து, இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தால், ஓர் அணி போனாலும் அடுத்தது வரும். அதுவரை உள்ளூர்ப் பிள்ளைகள் ஸ்கேட் பழகுவார்கள். அடுத்ததாக, ஊர் தாங்கும் படியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒரு படி இறங்குவது அவமானம் அல்ல. இறங்க மறுத்து மொத்தத்தையும் இழப்பதுதான் இழப்பு. மேல் படியில்தான் நிற்க வேண்டும் என்றால், அணியின் உரிமை ஊருக்குள் இருக்க வேண்டும். தளமும் வெளியார் கையில், அணியும் வெளியார் கையில் என்றால், கைதட்டுவதைத் தவிர ஊருக்கு வேறு உரிமை இருக்காது.

2020 கணக்கெடுப்பில் ஜான்ஸ்டவுனின் மக்கள்தொகை 18,411. இன்னும் இறங்கிவிட்டது. அடுத்த கம்ப்ரஸரை யார் வாங்குவது என்ற கேள்வி அங்கே என்றும் இருக்கும். அதற்கு வரிப்பணத்திலிருந்து ஒரு பங்கு கேட்டால், நூலகத்துக்கும் பூங்காவுக்கும் கேட்பதுபோலவே அது நியாயமான கேள்வி என்று நான் நினைக்கிறேன். ஆலை போன ஊரில், வெவ்வேறு தெருக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார இன்னும் காரணம் தருகிற இடங்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றுக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடிக்கும் பணத்தை வைத்து ஊர் எதைக் கட்டப்போகிறது?

அடுத்த வாரம் எல்லை தாண்டி, கனடாவின் சாஸ்கட்செவன் புல்வெளிக்குப் போகலாம். அங்கே ஸ்விஃப்ட் கரன்ட் என்ற சின்ன ஊர், தன் ஜூனியர் அணியைத் தானே சொந்தமாக வைத்து நடத்துகிறது.

(ஆட்டம் தொடரும்)