புது கம்ப்ரசர் போட்டும் கார் ஏசி மறுபடி மக்கர் பண்ணுவது ஏன்?

‘கம்ப்ரசர் போயிடுச்சு சார், மாத்தணும்.’ கார் வைத்திருப்பவர்களின் பர்ஸைப் பதம் பார்க்கும் வாக்கியம் இது. அதைவிடக் கொடுமை, காசு கொட்டிப் போட்ட புது கம்ப்ரசரும் சில மாதங்களிலேயே ஜாம் ஆவது. பல நேரங்களில் குறை கம்ப்ரசரில் இல்லை; அதைப் பொருத்திய விதத்தில்தான் இருக்கிறது.

கம்ப்ரசர் என்ன செய்கிறது?

இன்ஜினோடு சுழலும் பெல்ட்தான் கம்ப்ரசரை ஓட்டுகிறது. கூலிங் காயிலில் இருந்து வரும் கேஸை அழுத்தி, முன்பக்கம் இருக்கும் கன்டென்சருக்கு அனுப்புவது அதன் வேலை. இன்ஜினுக்கு இருப்பதுபோல இதற்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது. கேஸோடு கலந்து சுற்றிவரும் ஆயில்தான் கம்ப்ரசரைத் தேயாமல் காக்கிறது.

பழசு விட்டுச்செல்லும் தூள்

கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து ஜாம் ஆனால், உலோகத் தூள் பைப் லைன் முழுக்கப் பரவும். அதை அப்படியே விட்டால் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். புது கம்ப்ரசருக்குள்ளும் போகும். அதனால் லைனை ஃபிளஷ் செய்வது அவசியம். இப்போதைய கன்டென்சர்களின் துவாரங்கள் மிகச் சிறியவை என்பதால் ஃபிளஷ் செய்தாலும் தூள் முழுசா வெளியே வராது. தூள் பரவியிருந்தால் கன்டென்சரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றுவதே பாதுகாப்பு. ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரை எப்படியும் மாற்ற வேண்டும்.

ஆயிலில் கவனம்

ஆர்134ஏ கேஸ் உள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்குப் பெரும்பாலும் பிஏஜி வகை ஆயில். ஹைப்ரிட், மின்சார கார்களில் கம்ப்ரசருக்குள்ளேயே மோட்டார் இருப்பதால், பொதுவாக மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை. இதில் பிஏஜி கலந்தால் மின்கசிவு அபாயம் உண்டு. அளவும் முக்கியம்: குறைந்தால் ஜாம், கூடினால் கூலிங் போச்சு. புது கம்ப்ரசரில் ஏற்கெனவே ஆயில் இருக்கலாம் என்பதால், எவ்வளவு என்று பார்த்த பிறகே கூடுதலாக ஊற்ற வேண்டும்.

வேக்கம் போடாமல் கேஸா?

லைனைத் திறந்ததும் காற்றும் ஈரமும் உள்ளே நுழையும். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறையும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்பாகங்களை அரிக்கும். எனவே வேக்கம் பம்ப்பை குறைந்தது 30 நிமிடம் ஓட்ட வேண்டும். பிறகு பம்ப்பை நிறுத்தி, கேஜில் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ லீக். கேஸை குத்துமதிப்பாக நிரப்பாமல் எடை போட்டு நிரப்புவதே சரி. அந்த அளவு பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

கடைசியாக, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் கம்ப்ரசரின் முன்தட்டைக் கையால் பத்து சுற்றாவது சுற்ற வேண்டும். உள்ளே தேங்கியிருக்கும் ஆயிலை அழுத்த முடியாமல் கம்ப்ரசர் உடைவதை இது தடுக்கும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கலாம்?

‘லைனை ஃபிளஷ் பண்ணீங்களா? டிரையர் புதுசா? என்ன ஆயில், எவ்வளவு? வேக்கம் எவ்வளவு நேரம்? கேஸ் எத்தனை கிராம்?’ இந்த ஐந்துக்கும் பதிலை வாங்கி, பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டி கேட்டுப் போகும்போது கைகொடுப்பது அந்த பில்தான்.