கடலில்லாத ஊருக்குக் கடற்படை அருங்காட்சியகம் எதற்கு?

செகந்திராபாத்தை ஒட்டிய லாலாகுடா, ரயிலை நம்பி வளர்ந்த பேட்டை. நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1893இல் தொடங்கிய ரயில்வே பணிமனை இன்றும் அங்கே இயங்குகிறது. கடல் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி ரயில் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு கடற்படை வரலாற்றைக் காக்கும் அருங்காட்சியகங்களைப் பற்றிப் பேசுவானேன்? பேசக் காரணம் இருக்கிறது. இதே ஹைதராபாத்தின் பணத்தில் ஒரு போர்க்கப்பல் கட்டப்பட்டு இரண்டாம் உலகப் போரில் ஓடியது. அந்தக் கப்பல் இன்று எங்கும் இல்லை.

கப்பலின் பெயரே ‘நிஜாம்’. ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் கொடுத்த நிதியில் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தளத்தில் கட்டப்பட்டு, 1940 ஜூலையில் நீரில் இறக்கப்பட்ட நாசகாரிக் கப்பல் அது. 1941 ஜனவரியில் ஆஸ்திரேலியக் கடற்படையில் சேர்ந்தது. கிரீட் தீவிலிருந்து படைவீரர்களை மீட்டு வந்தது, முற்றுகையில் இருந்த டோப்ருக் துறைமுகத்துக்கு ஆளும் பொருளும் கொண்டுசேர்த்தது, மடகாஸ்கர் போரில் பங்கெடுத்தது. 1945 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு முனைக்கு அருகே எழுந்த பேரலையில் கப்பல் பயங்கரமாகச் சாய, மாலுமிகள் 10 பேர் கடலோடு போனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி ஜப்பான் சரணடைந்தபோது டோக்கியோ விரிகுடாவில் நின்ற கப்பல்களில் நிஜாமும் ஒன்று. பிறகு பழைய இரும்பாக விற்கப்பட்டு 1956இல் உடைக்கப்பட்டது.

நிஜாமின் வைரம், முத்து, கார்கள் பற்றிய கதைகள் ஹைதராபாத்தில் எல்லோருக்கும் தெரியும். தெலங்கானா உழவர்களின் வரிப்பணமும் கலந்து உருவான ஒரு கப்பலின் கதை அப்படிப் பரவவில்லை. பார்க்க ஒரு பொருள் இல்லாத வரலாறு இவ்வளவு சீக்கிரம் மறக்கப்படுகிறது.

கடற்போருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 1687இல் ஔரங்கசீப் முற்றுகையிட்ட கோல்கொண்டாவுக்கு இன்றைக்கும் போகலாம். மதிலைத் தொடலாம், பீரங்கி நின்ற மேட்டில் ஏறலாம். கடலில் போர்க்களம் என்று காட்ட ஓர் அடி நிலம்கூடக் கிடையாது. போர் முடிந்ததும் தண்ணீர் மூடிக்கொள்கிறது. எஞ்சும் சாட்சி கப்பலும் அதில் இருந்த மனிதர்களும்தான். கப்பலை உடைத்துவிட்டால், மனிதர்களும் மறைந்துவிட்டால், மிஞ்சுவது காகிதம்.

காகிதமும் இல்லாத இடத்தைச் சினிமா நிரப்பிவிடும். 1971 டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடிவந்த பாகிஸ்தானின் ‘காஜி’ நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் பத்திரமாக இருந்தது. ‘ராஜ்புத்’ கப்பல் வீசிய நீரடி வெடிகளால் காஜி அழிந்தது என்பது இந்தியத் தரப்பு. உள்வெடிப்போ தானே விதைத்த கண்ணிவெடியோ காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு. 2017இல் வந்த தெலுங்குப் படத்திலோ இந்திய நீர்மூழ்கி ஒன்று காஜியோடு நேருக்கு நேர் மோதுகிறது. அது கற்பனை. ஆனால் படம் பார்த்த பிள்ளைகள் மனதில் அதுவே வரலாறாகப் பதிகிறது.

அதைத் திருத்திக்கொள்ள விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரைக்குப் போக வேண்டும். அங்கே ‘குர்சுரா’ நீர்மூழ்கி கரையேற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது. 1969 டிசம்பரில் சோவியத் நாட்டிலிருந்து வாங்கிக் கடற்படையில் சேர்த்து, 31 ஆண்டுகள் ஓடி, 2001 பிப்ரவரியில் ஓய்வுபெற்று, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமானது. காஜிக்கும் குர்சுராவுக்கும் நேரடித் தொடர்பில்லை. 1971 போரில் குர்சுரா அரபிக்கடலில் ரோந்தில் இருந்தது. ஆனால் நீர்மூழ்கிக்குள் மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதை அது காட்டிவிடும். நீளம் 91 மீட்டர். உள்ளேயோ ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போகலாம். அறைக்கு அறை வட்டமான துவாரத்தில் குனிந்து நுழைய வேண்டும். 22 டார்பிடோக்கள், டீசல் எஞ்சின்கள், பிரம்மாண்ட பேட்டரிகள், இவற்றுக்கிடையே சுமார் 75 பேர் உண்டு உறங்கினார்கள். எந்தப் பாடநூலும் இந்த நெருக்கடியை உணர்த்தாது.

அங்கே வழிகாட்டிகளாக இருப்பவர்கள் ஓய்வுபெற்ற கடற்படையினர் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். குழாயையும் சக்கரத்தையும் பெயர் சொல்லி விளக்குவது யாராலும் முடியும். அவற்றோடு வேலை பார்த்தவர் சொல்லும்போது கேட்பது வேறு.

காப்பது சுலபமில்லை, செலவு பிடிக்கும். உப்புக்காற்று இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். ரயில்பெட்டிகளைப் பிரித்துத் துருவெடுத்துச் செப்பனிடும் லாலாகுடா பணிமனைத் தொழிலாளிக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1971இன் நாயகனான விக்ராந்த் 2001 முதல் மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தது. பாதுகாப்பில்லை என்று 2012இல் மூடப்பட்டு, சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், 2014இல் உடைபடத் தொடங்கியது. அதன் இரும்பு மோட்டார் சைக்கிளில்கூடச் சேர்ந்தது. ‘வாக்லி’ நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் நிறுத்தும் திட்டமும் கைகூடவில்லை.

முடியாத காரியமா என்றால், இல்லை. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டிய ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்தபடி நிற்கிறது. நம் தச்சர்களின் கைவேலையைப் பார்க்க அங்கே போக வேண்டியிருக்கிறது. விக்ராந்தை இழந்தது பணமில்லாத குறையால் மட்டுமல்ல, அக்கறைக் குறைவாலும்தான் என்பது என் எண்ணம்.

நிஜாம் கப்பலை மீட்க முடியாது. ஆனால் அதன் மாதிரியும் படங்களும், அலையில் போன அந்த 10 பேரின் பெயர்களும் கொண்ட நிரந்தரக் கூடம் ஒன்று ஹைதராபாத்தில் அமைய வேண்டும். வீட்டில் கடற்படையில் இருந்த பெரியவர் இருந்தால் அவருடைய கடிதங்களையும் படங்களையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள், அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். லாலாகுடா பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை விசாகப்பட்டினம் அழைத்துப் போங்கள், குர்சுராவுக்குள் அந்த வழிகாட்டிகளிடம் அவர்களைக் கேள்வி கேட்க விடுங்கள்.