கதவுக்குள்ளே மண்



கரையான் என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. செல்லு என்றும் சொல்வார்கள். வெள்ளை எறும்பு என்று பெயர் வைத்திருந்தாலும் அது எறும்பு இனமே இல்லை, கரப்பான்பூச்சிக்குத்தான் சொந்தம். அதன் உடம்பு ரொம்ப மென்மை. வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துப் போகும். அதனால்தான் எங்கே போனாலும் மண்ணை எச்சிலில் குழைத்து ஒரு குழாய் கட்டி அதுக்குள்ளேயே நடக்கும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவர் ஓரத்தில், நிலைக்கால் அடியில், மின்சார மீட்டர் பலகைக்குப் பின்னால் பென்சில் தடிமனுக்கு மண் கோடு ஏறுதா என்று பாருங்கள். பெயிண்ட் கொப்பளம் மாதிரி எழும்பி இருக்கும். மழை பெய்த மறுநாள் ஜன்னல் ஓரம் ஈசல் இறக்கை குவிந்து கிடந்தால் கவனம். ஈசல் வேறு யாருமில்லை, இறக்கை முளைத்த கரையான்தான். விளக்கைப் பார்த்து வெளியிலிருந்தும் வரும், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டுச் சுவர் வெடிப்பிலிருந்தே புறப்பட்டு வந்தால் கூடு பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

நம்ம தமிழில் 'செல்லரித்தது' என்பது வேறு, 'உளுத்துப் போனது' என்பது வேறு. இதை அறிவியல் பாடத்துக்கே சேர்க்கலாம் என்பது என் கருத்து. உளுத்த மரத்தில் சின்ன வட்ட ஓட்டை இருக்கும், கீழே மாவு மாதிரி தூள் கொட்டும். அது வண்டு வேலை. மண்ணிலிருந்து வருகிற கரையான் தூள் கொட்டாது, தின்ற இடத்தில் மண்ணை வைத்து அடைக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எங்கள் வீடு ஓட்டு வீடு. அம்மா ஷூ மேல்பாகம் தைக்கிற வேலையை வீட்டிலேயே செய்கிறார்கள். அட்டைப் பெட்டிகள் பின்பக்கச் சுவரை ஒட்டி அடுக்கியிருக்கும், அந்தச் சுவருக்கு வெளியே குளிக்கிற இடம். ஈரமும் அட்டையும் சேர்ந்தால் கரையானுக்கு அது கல்யாண விருந்து. பின்கதவு இறுகுது என்று எங்க தெரு ஆசாரி தாத்தாவைக் கூப்பிட்டோம். அவர் திருப்புளியின் பின்பக்கத்தால் நிலையைத் தட்டினார். டொக் டொக் என்று வரவேண்டிய சத்தம் பொத் பொத் என்று வந்தது. "இன்னாம்மா இது? மரமே இல்ல, பெயிண்ட்டுதான் நிக்குது" என்றார். பிறகு மேலே பார்த்தார். மண் கோடு சுவரேறி கைமரம் வரைக்கும் போயிருந்தது. அதுக்குக் கீழேதான் நானும் தம்பியும் படுப்போம். ஓட்டின் பாரம் எவ்வளவு என்று ஓடு இறக்கும்போது தூக்கிப் பார்த்தால் தெரியும்.

உயிரோடு இருக்கிறதா, பழைய தடமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மண் குழாயை இரண்டு விரல் அகலத்துக்கு உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஈர மண் வைத்து அடைத்திருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. அடைக்கவில்லை என்றாலும் போய்விட்டது என்று நம்பக்கூடாது, வேறு வழி போட்டிருக்கும்.

பலர் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். பட்டது சாகும், அவ்வளவுதான். ராணி மண்ணுக்குள் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அடுப்பு இருக்கிற வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிய மரம் கரையானைவிட ஆபத்து. முதலில் ஈரத்தை நிறுத்த வேண்டும். நாங்கள் குளியல் தண்ணீர் போக வாய்க்கால் கட்டினோம், பெட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். பிறகு சுவரும் தரையும் சேருகிற இடத்தில் அடிக்கு ஒரு ஓட்டை போட்டு மருந்து விடவேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 6313 என்று இதுக்கே ஒரு எண் இருக்கிறது. மருந்தைப் பழகியவர்தான் விடவேண்டும், கிணறு, போர் பக்கத்தில் விடவே கூடாது. முன்பு இதுக்குப் பயன்பட்ட ஆல்ட்ரின் மருந்து 1996-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதே 1996-ல்தான் பாலாற்றுப் பக்கம் தோல் கழிவால் தண்ணீர் கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே கெட்ட தண்ணீரில் நாமும் விஷம் சேர்க்க வேண்டாமே!

மருந்து விட்ட பிறகுதான் மரவேலை. புட்டி வைத்துப் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. நிலைக்காலில் கெட்ட பாகத்தோடு நல்ல மரத்திலும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்து, புது மரத்தை ஒட்டுப் போட்டார் தாத்தா. அடியில் கல் வைத்தார், மரம் மண்ணைத் தொடக்கூடாதாம். பழைய திண்ணைத் தூண்களுக்கு அடியில் கல் இருப்பது அழகுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்! கைமரத்துக்கு முதலில் முட்டுக் கொடுத்து, ஓடு இறக்கி, பிறகுதான் மாற்ற வேண்டும். வைரம் பாய்ந்த பனை போட்டோம். அந்தக் கறுப்பு வைரத்தைக் கரையான் சுலபத்தில் தொடாது, உள்ளே இருக்கும் சோற்றைத்தான் தின்னும். மரமும் கூலியும் சேர்ந்து அம்மாவின் மூன்று மாதத் தையல் கூலி போயிற்று.

நம்ம ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி. டேனரியில் தோலை நீலமாக்கும் குரோமியம் மரத்தையும் காக்கும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சொண்டி காமேசம் என்ற இந்தியர் 1933-ல் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் கம்பங்களுக்கு அது போனது. மரத்தில் குரோமியம்தான் மருந்தைக் கரைந்து போகாமல் பிடித்து வைக்கிறது. ஆனால் ஆர்சனிக் விஷம் என்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு மரங்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியாகக் காகிதம். எத்தனையோ ஓலைச்சுவடிகள் செல்லரித்துப் போன நாடு இது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியதால் பல நூல்கள் பிழைத்தன. எங்கள் வீட்டில் பட்டாவின் ஓரமும், அக்காவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஒரு மூலையும் போயின, நல்லவேளை எண் தப்பியது. பட்டா நகல் இ-சேவை மையத்தில் எடுக்கலாம். மார்க் ஷீட்டுக்கு அலைய வேண்டும். மண் ஒட்டிய காகிதத்தை ஈரத்தோடு தேய்க்காதீர்கள், நிழலில் காயவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். இப்போது எல்லாம் தகரப் பெட்டியில், நாலு செங்கல் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. செங்கல் மேலும் கரையான் ஏறும்தான், ஆனால் ஏறுகிற மண் கோடு கண்ணுக்குத் தெரியும்.