சஹ்யாத்ரி மழைக்கு எந்தக் கத்தி?

1794-ஆம் ஆண்டு. பம்பாயில் மருத்துவராக இருந்த ஹெலனஸ் ஸ்காட், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குச் சில எஃகுக் கட்டிகளை அனுப்பிவைத்தார். 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் எழுதிவைத்த இந்திய எஃகு அது. மறு ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதித்து ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். கட்டுரையின் தலைப்பு அதைப் 'பம்பாயில் செய்யப்படும் எஃகு' என்றது. உண்மையில் தக்காணத்திலும் தமிழகத்திலும் மண் மூசைகளில் இரும்போடு கரிப்பொருளைச் சேர்த்து உருக்கி எடுத்த எஃகு அது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் அத்தகைய மூசை உலைகள் கிடைத்திருக்கின்றன.

லண்டனில் கத்தி செய்வதில் பெயர்பெற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட், அந்த எஃகில் கத்தி அடித்துப் பார்த்து அதன் அன்பராகவே ஆகிவிட்டார். கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே 1819 முதல் அவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். அலுமினியமும் சிலிக்காவும்தான் இதன் சிறப்புக்குக் காரணம் என்று ஃபாரடே கருதியது பிழையாகிப்போனது. ஒன்றரை விழுக்காடு அளவிலான கார்பனும், மிக நுண்ணிய அளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களுமே அந்த எஃகில் அடித்த அலகுகளின் வரிக்கோலத்துக்குக் காரணம் என்பதை ஜான் வெர்ஹோவனும் அவருடன் உழைத்த கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் 1998-இல்தான் விளக்கினார்கள்.

எஃகின் குணம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபாரடேயையே திணறவைத்த அந்தச் சிக்கல், சனிக்கிழமை இரவு மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இருந்து முதுகுப்பையோடு கர்ஜத்துக்கும் கசாராவுக்கும் ரயிலேறும் இளைஞர்கள் முன்னும் நிற்கிறது. சஹ்யாத்ரி மலைக்கு எடுத்துப்போக ஒரு மடங்காத கத்தி வேண்டும். கடையிலும் இணையத்திலும் கண்ணில் படுவது நீளம், பளபளப்பு, மிரட்டும் வடிவம். வேலை செய்யப்போவதோ உள்ளே இருக்கிற பதம், பிடிக்குள் ஓடும் வால், விளிம்பின் கோணம். இந்த மூன்றையும் பார்க்கத் தெரிந்துகொண்டால் ஏமாற வேண்டியதில்லை.

வேலை என்ன, நீளம் என்ன?

சிறுத்தையோடு சண்டையிட யாரும் கத்தி எடுத்துப்போவதில்லை; போகவும் கூடாது. மலையில் வழி தவறியவருக்கு முதலில் வேண்டியவை தண்ணீர், டார்ச், விசில், மழையைத் தடுக்கும் ஒரு தார்ப்பாய். கத்தி இவற்றுக்குத் துணை. கயிறு அறுக்கவும், கூடாரத்துக்கு மூங்கில் முளை சீவவும், கட்டுப்போடத் துணி கிழிக்கவும், நனைந்த விறகின் மேற்பட்டையை நீக்கி உள்ளே காய்ந்திருக்கும் மரத்தைச் செதில் செதிலாக எடுக்கவும் அது பயன்படும். நம் குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்த கார்வி இந்த மலைச்சரிவெங்கும் வளர்கிறது. அதன் பட்டுப்போன தண்டுகளை நறுக்கினால் நல்ல சுள்ளி கிடைக்கும்.

இத்தனை வேலைக்கும் 10 முதல் 12 சென்டிமீட்டர் அலகு போதும். முதுகின் கனம் 3 முதல் 4 மில்லிமீட்டர். நீளம் கூடக்கூட முனையில் விழும் விசை கைக்கு எட்டாத தூரத்தில் செயல்படும். மணிக்கட்டு களைக்கும், நுண்ணிய வேலையில் கத்தி கட்டுக்கடங்காது. விறகு பிளக்க வேண்டுமென்றால், கத்தியை விறகின் தலையில் வைத்து அதன் முதுகில் கட்டையால் தட்டினால் ஆயிற்று. முதுகில் ரம்பப் பற்கள் வெட்டியிருந்தால் அந்த வேலை கெடும். அந்தப் பற்கள் மரத்தையும் ஒழுங்காக அறுப்பதில்லை.

மலைவாசிகளான தாக்கர், காத்கரி, மகாதேவ் கோலி மக்கள் பெரிய கத்தி வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். இடுப்பின் பின்புறம் மரப்பிடிப்பில் செருகியிருக்கும் அந்தக் கொய்தா, கிளை கழிக்கவும் புதர் வெட்டவும் பிறந்த கருவி. முனைப்பக்கம் கனத்து வளைந்திருப்பதால் வீச்சின் வேகம் முழுவதும் வெட்டில் இறங்கும். நம் வெட்டரிவாளின் வேலையும் அதுவே. நாள் முழுவதும் காட்டு வேலை செய்கிறவருக்கு அதுதான் சரி. இரண்டு நாள் மலையேறுகிறவருக்கு அது சுமை, பழகாத கையில் ஆபத்தும்கூட.

பதம் என்பது என்ன?

தூய இரும்பு மெத்தென்றது. அதில் ஏறத்தாழ அரை விழுக்காடாவது கார்பன் சேர்ந்தால்தான் கத்திக்கு ஆகும். ஆனால் கார்பன் இருந்தால் மட்டும் போதாது. எஃகை 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றும்போது கார்பன் அணுக்கள் இரும்பின் படிக அடுக்குக்குள் கரைந்து பரவுகின்றன. உடனே எண்ணெயில் தோய்த்தால் அவை வெளியேற நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அடுக்கு இழுபட்டு விறைக்கும். இந்த விறைத்த அமைப்புக்கு மார்டென்சைட்டு என்று பெயர். அந்த நிலையில் கத்தி கண்ணாடிபோல் உடைந்துவிடும். ஆகவே மறுபடி 200 டிகிரி சுமாரில் சூடாக்கி விறைப்பைக் கொஞ்சம் தளர்த்துகிறார்கள். கடினம் சிறிது குறைகிறது, அடி தாங்கும் திறன் நிறையக் கூடுகிறது. ஊர்ப் பட்டறையில் கொல்லர் எஃகின் நிறம் பார்த்துச் செய்வதும், தொழிற்சாலையில் மின்னுலை செய்வதும் இதே வேலைதான்.

இந்தப் பதத்தை அளக்க ராக்வெல் 'சி' என்றோர் அளவுகோல் உண்டு. வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோகிராம் விசையோடு எஃகின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். கூம்பு குறைவாக இறங்கினால் எண் கூடும். காட்டுக் கத்திக்கு 56 முதல் 59 வரை பொருத்தம். 54-க்குக் கீழே போனால் விளிம்பு மடங்கும். 61, 62 என்று ஏறினால் விளிம்பு பொரியும். தயாரிப்பாளர் இந்த எண்ணைச் சொல்லாவிட்டால், வாங்கியதும் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நல்ல அரத்தை விளிம்பின் ஓரத்தில் மெல்ல இழுங்கள். அரம் வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது. எளிதாகக் கடித்து இறங்கினால் பதம் இல்லை.

ஏறிய பதத்தைக் கெடுக்கவும் முடியும். தெருவில் சக்கரம் சுழற்றிச் சாணை பிடிக்கும்போது பறக்கும் பொறி அழகாகத்தான் இருக்கும். ஆனால் மெல்லிய விளிம்பு சில நொடிகளில் சூடேறிவிடும். விளிம்பில் நீலம் படர்ந்தால் அது 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. சாணைக்காரரிடம் அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். ஒரு தண்ணீர்க் கல் வாங்கி வீட்டிலேயே தீட்டக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

துரு என்ற எதிரி

எந்த எஃகு என்ற கேள்விக்கு மும்பையின் காற்றே பாதி விடை சொல்லிவிடும். சாந்தாகுரூஸில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்கார்ந்துவிடும். இங்கே கடல் உப்பும் சேர்கிறது. உப்பின் குளோரைடு அந்த நீர்ப்படலத்தை மின் கடத்தும் கரைசலாக்கித் துருவை விரைவுபடுத்தும்.

வாழைக்காய் நறுக்கியபின் பழைய அருவாமனையின் இரும்பு கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காயில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது. கார்பன் எஃகுக் கத்தியிலும் அப்படி ஒரு கறுப்புப் படரும். அது துருவைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், முழுதாகத் தடுக்காது.

1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்து உருக்கிய எஃகு இதற்கு ஒரு வழி காட்டியது. 10.5 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் இருந்தால், சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடுப் படலம் ஒன்று எஃகைப் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் தானே மறுபடி உருவாகும். ஆனால் குரோமியம் இருக்கிற எஃகெல்லாம் கத்திக்கு ஆகாது. தரமான எவர்சில்வர் பாத்திரத்தில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. கார்பன் மிகக் குறைவு. அதைச் சூடேற்றித் தோய்த்தாலும் கடினமாகாது. ஆகவே அலகில் வெறுமனே 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்திருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். எஃகின் வகை எண்ணைக் கேளுங்கள். 12சி27, 14சி28என் போன்ற ஸ்வீடன் எஃகுகளில் கார்பன் ஏறத்தாழ 0.6, குரோமியம் 13.5 முதல் 14 விழுக்காடு. நல்ல பதமும் ஏறும், மழையையும் தாங்கும்.

கார்பன் எஃகுக்கும் தனிப் பெருமை உண்டு. எளிதில் தீட்டலாம், அடியும் தாங்கும். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் நம் கொல்லர்கள் அடிக்கும் அரிவாளும் கத்தியும் தலைமுறை தாண்டி உழைப்பது இதனால்தான். தினமும் துடைத்து எண்ணெய் தடவுகிற பழக்கம் இருந்தால் அதை வாங்குங்கள். பழக்கம் இல்லாதவர்களுக்கு, ஜூன் மாதத்தில் மலையேறுகிறவர்களுக்கு, துருப்பிடிக்காத எஃகே ஏற்றது. அதையும் வியர்வையும் உப்பும் படிந்தபடி விட்டுவிட்டால் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

பிடிக்குள் பாருங்கள்

அடுத்தது, அலகின் வால். பிடி முழுக்க அதே அகலத்தில் எஃகு ஓடி, இருபுறமும் மரமோ பிளாஸ்டிக்கோ பதித்து ஆணி அடித்திருந்தால் அது மிக உறுதி. வால் ஒடுங்கியிருந்தாலும் பிடியின் முக்கால் நீளத்துக்குப் போயிருந்தால் போதும்; ஸ்வீடனின் மோரா ஊர்க் கத்திகளில் பல அப்படித்தான். பார்க்க வேண்டிய இடம், அலகும் வாலும் சேரும் மூலை. அது செங்கோணமாக வெட்டியிருந்தால் ஒவ்வொரு அடியின் தகைவும் அங்கேதான் குவியும். விரிசல் அங்கேதான் தொடங்கும். வளைவாக வழித்திருந்தால் தகைவு பரவிவிடும்.

உள்ளே பொந்தான உலோகப் பிடியும் அதன் அடியில் திசைகாட்டியும் கொண்ட கத்திகள் 1982-இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்துக்குப் பிறகு உலகெங்கும் பரவின. அவற்றின் மலிவான நகல்களில் அலகு பிடிக்குள் ஒரு திருகில் மட்டும் நிற்கும். விறகு பிளக்கும்போது அலகு தனியே கழன்று பறந்தால் கூட இருப்பவருக்குக் காயம். அவற்றைத் தொடவே வேண்டாம்.

விளிம்பின் கோணத்துக்கு வருவோம். பக்கத்துக்கு 20 டிகிரி, மொத்தம் 40 என்பது காட்டு வேலைக்குப் பொது அளவு. சமையலறைக் கத்தி பக்கத்துக்கு 15 டிகிரி இருக்கலாம். காய்ந்த மூங்கில் கணுவில் அது பொரியும். இன்னொன்று: சஹ்யாத்ரியின் கருங்கல், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பசால்ட். அதன் குழிகளில் குவார்ட்சும் சால்செடனியும் விளைந்திருக்கின்றன. குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினம்.  அந்தத் துகள் கலந்த மண்ணைக் கத்தியால் தோண்டினால் ஒரே நாளில் கூர் போய்விடும். தோண்ட ஒரு கூர்க்கழி சீவிக்கொள்ளுங்கள்.

உறையும் சட்டமும்

தாராவியில் தோல் உறை தைத்து வாங்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து வந்த தோல் பதனிடுவோர் வேரூன்றச் செய்த தொழில் அது. நல்ல தோல் உறை கூரைக் கெடுக்காது, ஓசை எழுப்பாது, பல ஆண்டு உழைக்கும். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பதனிட்ட உப்பும் அமிலமும் மிச்சம் இருந்தால் அலகை அரிக்கும். மழைக்காலத்துக்கு அடியில் நீர் வடியத் துளையுள்ள பிளாஸ்டிக் உறை. கோடைக்குத் தோல். எந்த உறையானாலும் வீடு திரும்பியதும் கத்தியை வெளியே எடுத்து, கழுவி, உலர்த்தி, மிஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவித் தனியே வையுங்கள்.

சட்டத்தை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குள் கத்தியையும் சேர்த்திருக்கிறது. எழுத்துமூல அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ அதை எடுத்துச்செல்லக் கூடாது. போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும், கல்சுபாய்–ஹரிச்சந்திரகட், பீமாசங்கர் சரணாலயங்களும் இந்த வரம்புக்குள் வருகின்றன. அங்கே தீ மூட்டவும் கூடாது. ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளைத் தனி வகையாகப் பார்க்கின்றன; வீட்டுக்கும் வேளாண்மைக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. மும்பைக் காவல்துறை மகாராஷ்டிரக் காவல் சட்டத்தின் 37-ஆம் பிரிவின் கீழ் அவ்வப்போது பொது இடங்களில் கத்தி எடுத்துச்செல்லத் தடை விதிக்கிறது. கிளம்புமுன் பூங்கா, சரணாலய அனுமதியையும் காவல்துறைத் தடையையும் விசாரியுங்கள். அனுமதி இல்லாத இடத்துக்குக் கத்தியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அனுமதியுள்ள இடத்துக்கும் இடுப்பில் தொங்கவிடாமல் உறையிலிட்டுப் பையின் அடியில் வையுங்கள்.

வாங்கிய கத்தியோடு நேரே மலைக்குப் போகவும் வேண்டாம். முதலில் ஊரில் காய்ந்த தென்னை மட்டையிலும் மூங்கிலிலும் பழகுங்கள். அலகு உடம்பை விட்டு விலகிப் போகும்படி சீவுங்கள். கை நீட்டினால் எட்டும் வட்டத்துக்குள் யாரும் நிற்க வேண்டாம். காட்டில் உதிர்ந்ததையும் காய்ந்ததையும் மட்டும் வெட்டுங்கள். பச்சை மரத்தில் கூர் பார்க்காதீர்கள். விலையுயர்ந்த கத்தியை மழுங்கவிடுகிறவரைவிட, எளிய கத்தியைத் தானே தீட்டத் தெரிந்தவருக்கே மலையில் கத்தி அதிகம் உதவும். கத்திக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தண்ணீர்க் கல்லுக்கு எடுத்து வையுங்கள்.