உங்களுக்குத் தெரியுமா? பழைய பாணிப் பேய்க் கார்ட்டூனுக்கு வன்னியில் எதைப் பார்த்து வரையலாம்

● 1929இல் டிஸ்னி வெளியிட்ட ‘தி ஸ்கெலிட்டன் டான்ஸ்’ படத்தில் ஓர் எலும்புக்கூடு இன்னொன்றின் முதுகெலும்பைத் தொடை எலும்புகளால் தட்டி இசை எழுப்பும். பெரும்பகுதியை வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். ஒரு துளி இரத்தம் இல்லை. பயமும் சிரிப்பும் ஒன்றாக வரும்.

● அந்தக் கால உருவங்களுக்கு முழங்கை, முழங்கால் கிடையாது. றப்பர் குழாயாக வளையும் கைகால்களை வேகமாக வரைந்து தள்ளலாம் என்பதே காரணம். அந்தக் கைகாலை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் நம் காட்டுத் தேவாங்குதான். ஒல்லிக் கைகால், முகத்தை நிறைத்த இரண்டு வட்டக் கண். ரோச் வெளிச்சம் பட்டால் அந்தக் கண் சிவந்து மின்னும். அது மெல்ல மெல்லத்தான் கிளை மாறும். பாய்ந்து வருவதைவிட அந்த ஆறுதலான நடைதான் வயிற்றைக் கலக்கும். தூர நின்று பாருங்கள், பிடிக்காதீர்கள். சட்டம் பாதுகாக்கும் விலங்கு அது.

● 1928இல் திரைக்கு வந்தபோது மிக்கி மவுஸுக்குக் கையுறை இல்லை. கறுப்பு உடம்பின் மேல் கறுப்புக் கை தெரியாமல் போனதால் 1929இல் வெள்ளைக் கையுறை வந்தது. நம் வயல் வெருளியிலும் இதே கணக்குத்தான்: கரிச்சட்டித் தலை, சுண்ணாம்புக் கண். பொழுதுபடும் நேரம், பழைய சேட்டின் கைக்குள் காற்றுப் புகுந்து ஊதும்போது பாருங்கள். கை நீட்டி நிற்கும் அந்த உருவத்திலும் மூட்டு இல்லை!

● கனடாச் சகோதரர்கள் இருவர் உருவாக்கிய ‘கப்ஹெட்’ கணினி விளையாட்டு 2017இல் வந்தது. கதாநாயகனுக்குத் தலை இருக்கும் இடத்தில் கோப்பை. 1930களின் ஜப்பானியக் கார்ட்டூன் ஒன்றில் வந்த தேநீர்க் கோப்பைத் தலையன்தான் அதற்கு வித்து. நம் குசினியில் திருவலை இருக்கிறது. அதன் பல்லை நாக்காக்குங்கள். குப்பிவிளக்குக்குக் கைகால் வைத்தால் எரியும் திரியே தலைமயிர்.

● நுங்கு குடித்த கோம்பையில் மூன்று குழி: இரண்டு கண், ஒரு வாய். தலை வாராத பிள்ளையை ‘சூப்பின பனங்கொட்டை’ என்று ஏசுவோமே, அந்தக் கொட்டையைக் காயவைத்து முகம் கீறிப் பாருங்கள். ஷெல்லடியில் தலை போன பனைகளையும் இந்த மண் கண்டது. அவற்றைப் பேய்க் கோலத்துக்கு எடுக்க எனக்கு மனம் வராது. அவற்றுக்கு வேறு கதை உண்டு; அதை அதற்குரிய மதிப்போடு தனியே வரைய வேண்டும்.

● ஆளை ஆடவிட்டுப் படம்பிடித்து, அதன் மேல் வரையும் ‘ரொட்டோஸ்கோப்’ முறைக்கு மாக்ஸ் பிளைஷர் 1917இல் காப்புரிமை பெற்றார். 1932இன் ‘மின்னி தி மூச்சர்’ படத்தில் குகைக்குள் ஆடும் வால்ரஸ் பேயின் அசைவு, பாடகர் கேப் கலோவேயின் சொந்த ஆட்டம். இதை முல்லைத்தீவில் செய்யாமல் விட்டிருக்கிறோமே என்பது என் ஆதங்கம். கோவலன் கூத்து அண்ணாவியார் ஒருவரிடம் அனுமதி கேட்டு, ஓர் ஆட்டத்தைக் கைபேசியில் பிடியுங்கள். விநாடிக்கு 12 படம் வரைந்தால் போதும். திரைப்படத்தின் 24 சட்டங்களில் ஒவ்வொரு படமும் இரண்டு சட்டம் நிற்கும். வரையும் உருவம் உங்கள் குப்பிவிளக்குப் பேயாக இருக்கட்டும், கால் மட்டும் கூத்துக்காரரின் தாளத்தில் விழட்டும்.

● அம்புலிமாமாவில், தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமனை வரைந்த ஓவியர் சங்கர் 2020இல் காலமானார். 1972இல் முத்து காமிக்ஸ் தமிழில் கொண்டுவந்த ‘இரும்புக்கை மாயாவி’யில் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் அலையும். எதை மறைப்பது என்று தெரிந்தவர்கள் வரைந்தவை இவை.

● கோடு நம்முடையதாக இருக்க வேண்டுமென்றால் ‘சிரித்திரன்’ சுந்தரின் சவாரித்தம்பரையும் சின்னக்குட்டியையும் பாருங்கள். பேய்கள் அல்ல, ஆனால் நம்மவரின் முகவெட்டும் நிற்கும் விதமும் அந்தக் கோடுகளில் அச்சொட்டாக இருக்கின்றன. பழைய சிரித்திரன் இதழ்கள் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.